மொட்டை அம்பு

ஆறு அம்புகளிலும் இன்னும் அரை அங்குலம் குறைப்பதற்காக நிசாந் கிரைண்டரில் புது டிஸ்க் ஒன்றை மாட்டினான். அதற்கு மேல் குறைக்க அம்பில் இடமில்லை. முப்பத்திரண்டு அங்குலமாக வந்த காபன் தண்டுகள் மூன்று கிழமைக்குள் இருபத்தெட்டரைக்கு வந்து நின்றன. அவன் மனைவி ஜதுசா நாணை வாயோரம் வரை இழுத்தால் இருபத்தேழு அங்குலம் வரும். வில்லைப் பிடித்த கைக்கு வெளியே ஓர் அங்குலமாவது அம்பு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதையும் தின்றுவிட்டால் முனை கைமேல் ஏறிவிடும்.

ஆகவே இதுதான் கடைசி வெட்டு. நாளை, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாவட்ட வில்வித்தைத் தேர்வு. இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றேகால்.

கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட, பைபர் வள்ளம் திருத்தும் அந்த யாட் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவோடு ஓய்ந்துவிடும். நிசாந் அங்கே பதினொரு வருடமாக வேலை செய்கிறவன். உடைந்த வள்ளத்தின் வயிற்றில் கண்ணாடி நாரை விரித்து, ரெசின் பூசி, காய்ந்ததும் உரைஞ்சி, கைவைத்துத் தடவினாலும் முறிவு தெரியாதபடி செய்துவிடுவான். காபன் தண்டுகள் வந்தபோது, இதுவும் ஒரு நார்தானே என்ற துணிவு அவனுக்கு இருந்தது.

நிசாந் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் யாட் சொந்தக்காரர் முனாப் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, திரும்பவும் வெட்டப் போறியா? இந்தப் போக்கில போனா நாளைக்கு உன்ட மனிசி பல்லுக்குத்துற குச்சியத்தான் எய்வா."

"இதான் கடைசி காக்கா."

"போன கிழமையும் இதத்தான் சொன்னாய். அங்க அஸ்மியாட வாப்பா பள்ளிவாசல்ல நிண்டு சொல்றார், மகள் இப்ப முப்பது மீட்டர்ல சிரட்டைக்கு அடிக்கிறாளாம்."

நிசாந் டிஸ்கின் நட்டை இறுக்கினான். அஸ்மியாவைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மாவட்டச் சங்கத்திடம் இருந்தது ஒரேயொரு மரபு வில். குறி பார்க்கும் கருவியோ, அம்பை வைக்கும் தட்டோ இல்லாத வெறும் வளைவு. வில்லைப் பிடித்த கையின் விரல்மேல்தான் அம்பை வைக்க வேண்டும். பெண்கள் பிரிவில் மாகாணப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். போகிறவர் எவரோ, அந்த வருடம் முழுக்க வில் அவர் வீட்டில் இருக்கும். இரண்டு வருடமாக அது ஆலங்கேணியில், ஜதுசாவின் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் வருடம் தேர்வுக்கு வேறு ஆளே வரவில்லை என்பதும் உண்மைதான். இந்த வருடம் அஸ்மியா வருகிறாள். கந்தளாயில் ஒருவரிடம் வில்லை இரவல் வாங்கி எட்டு மாதமாகப் பழகியவள். பத்தொன்பது வயது, கூச்சமில்லாத வாய், நடுங்காத கை.

ஜதுசா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் சட்டை தைக்கிறாள். அளவு கொடுக்க வரும் பெண்களிடம்கூட நாடாவைப் பார்த்துக்கொண்டுதான் கதைப்பாள். வில்லை எடுத்தால் மட்டும் அவள் கழுத்து நிமிரும். அந்த நிமிர்ந்த கழுத்தைப் பார்ப்பதற்காகவே நிசாந் வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவான். வில் போனால் அதுவும் கூடவே போய்விடும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் அம்பைச் சரிப்படுத்தும் வேலையை அவன் தன் தலையில் போட்டுக்கொண்டான். நாண் தள்ளும்போது அம்பு விறைத்தபடி நேராகப் போவதில்லை. மீன் வாலடிப்பது போல ஒருமுறை வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. தண்டு விறைப்பாக இருந்தால் போதிய அளவு வளையாது. தொய்வாக இருந்தால் மிஞ்சி வளையும். இரண்டிலும் அம்பு பக்கவாட்டில் விலகும். இறகு வைத்த அம்பில் இந்தக் குற்றம் முழுதாகத் தெரியாது. போகிற வழியிலேயே இறகு பாதியைத் திருத்திவிடும். ஆகவே ஆறில் ஒன்றை இறகு ஒட்டாமல் விட்டுப் பார்க்க வேண்டும். ஜதுசா அதற்கு மொட்டை அம்பு என்று பெயர் வைத்திருந்தாள். இறகு அம்புகள் விழுகிற இடத்தில் மொட்டையும் விழுந்தால் எல்லாம் சரி.

இதையெல்லாம் நிசாந் யூடியூபில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரனிடம் கற்றான். அவன் பேச்சுப் பாதிதான் விளங்கும். படம் முழுதும் விளங்கும். மொட்டை வலப்பக்கம் விழுந்தால் தண்டு தொய்வு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு, குறுகினால் விறைக்கும். இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு, முனையில் பாரத்தைக் கூட்டு, தொய்யும். ஜதுசாவின் மொட்டை வலப்பக்கம் விழுந்தது. நிசாந் வெட்டினான். மறுபடியும் வலப்பக்கம். மறுபடியும் வெட்டினான். கச்சான் காற்று இடப்பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தபடியால், மிச்சக் குற்றத்தைக் காற்றின் தலையில் போட்டான்.

கிரைண்டரை முடுக்கப் போகும்போது போன் அடித்தது.

"வெட்டிட்டீங்களோ?" ஜதுசாதான்.

"இப்பதான் டிஸ்க் மாட்டினனான்."

"வெட்டாதேங்கோ. இஞ்ச காத்து நிண்டிட்டு. ஒருக்கா எய்து பாத்திட்டு வெட்டுவம்."

அவன் அம்புகளோடு ஆலங்கேணிக்குப் போனான். வீட்டுக்குப் பின்னால் மணல்வெளி. பழைய வலைகளை அடைத்த இரண்டு உரப்பைகளைக் கவிழ்ந்த வள்ளம் ஒன்றில் சாய்த்து இலக்கு வைத்திருந்தார்கள். வேலிக் கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக் சொப்பின் பை அசையாமல் தொங்கியது. காற்று உண்மையிலேயே நின்றிருந்தது.

ஜதுசா இறகு அம்புகள் மூன்றை எய்தாள். அவள் நடுவைக் குறி வைக்கவில்லை. ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்தாள். இந்த மூன்று கிழமையில் அவளுடைய கண் தானாகவே பழகிக்கொண்ட பழக்கம் அது. மூன்றும் நடுவில் போய்க் குத்தின. பிறகு மொட்டை அம்பை வைத்து அதே இடத்தைக் குறி பார்த்து விட்டாள். அது நடுவைத் தாண்டி, பையின் வலது விளிம்பையும் தாண்டி, வள்ளத்தில் மோதி மணலில் விழுந்தது.

நிசாந் ஓடிப்போய் எடுத்தான். முதல் வேலையாக அம்பை வில்லாக வளைத்துக் காதோரம் வைத்துக் கேட்டான். காபன் உள்ளுக்குள் வெடித்திருந்தால் மெல்லிய சத்தம் வரும்; வெடித்த அம்பை எய்தால் நார்ச் சிலும்பு கைக்குள் ஏறும். சத்தம் இல்லை. அம்புக்கு ஒன்றுமில்லை.

"வெட்ட வெட்ட விலகிறது குறைய வேணும். இது வெட்ட வெட்டக் கூடிக்கொண்டு போகுது" என்றாள் ஜதுசா.

"காத்து..."

"எங்க காத்து?"

அவன் சொப்பின் பையைப் பார்த்தான்.

ஜதுசா உள்ளே போனாள். பின்னேரங்களில் அம்பில்லாமல் வில்லை இழுத்து, அலுமாரிக் கண்ணாடியில் தன் தோளையும் முழங்கையையும் சரிபார்ப்பது அவள் வழக்கம். நிசாந் கட்டிலில் உட்கார்ந்து போனில் தாடிக்காரனைத் திரும்பவும் ஓடவிட்டான். வெட்டு, வெட்டு என்று எத்தனையோ தடவை பார்த்த அதே படம். எங்கே பிழைத்தது?

தாடிக்காரன் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் நாணை இழுத்தான். நிசாந் தலையை நிமிர்த்தினான். கண்ணாடிக்குள் இருந்த ஜதுசாவும் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் அச்சாக ஒன்று.

பிறகு அவன் கண் கண்ணாடியை விட்டு, அதற்கு முன்னால் நின்ற ஜதுசாவிடம் வந்தது. அவள் வில்லைப் பிடித்திருந்தது வலக்கை. இழுத்தது இடக்கை.

தாடிக்காரனின் வலம் அவளுக்கு இடம். அவனுக்குத் தொய்வு என்றால் இவளுக்கு விறைப்பு. முதல் நாளிலிருந்தே தண்டு விறைப்பாக இருந்திருக்கிறது. வெட்ட வெட்ட, இருந்த விறைப்பை அவனே கூட்டியிருக்கிறான். மூன்றரை அங்குலம். வெட்டியது கிரைண்டரின் கீழே கறுப்புத் தூளாகப் போய்விட்டது.

சொல்லாமல் விட்டாலும் விடலாம். "இனி வெட்டத் தேவையில்ல, காத்துதான்" என்று சொன்னால் அவள் நம்புவாள். நாளைக்கும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி எய்வாள். வென்றால் யாருக்கும் தெரியாது. தோற்றால் பழி காற்றோடு போய்விடும். நிசாந் போனை அணைத்தான்.

"ஜதுசா. நான் பிழையா வெட்டிட்டன்."

அவள் நாணை விடவில்லை. மெதுவாக முன்னுக்குக் கொண்டுவந்து தளர்த்தினாள்.

"எவ்வளவு பிழை?"

"முழுக்க."

அவன் சொன்னான். அவள் போனைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், தன் இடக்கையைப் பார்த்தாள். சோற்றுக்கு மட்டும்தான் வலக்கை. ஊசி, கத்தி, வில் எல்லாம் அவளுக்கு இடக்கை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அது வீட்டுச் சுவரைப் போல நிசாந்தின் கண்ணில் படாமலே போயிருந்தது.

"எனக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்க டவுணில கடை கடையா ஏறி இறங்கினது ஆர்?"

"நான்தான்."

"அப்ப அம்பு வெட்டேக்க மட்டும் நான் எந்தக் கை எண்டு மறந்து போச்சோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கத்தினால்கூடத் தாங்கலாம். அவள் கத்தவில்லை.

"முனையில பாரம் கூட்டினா விறைப்புக் குறையும். இன்னும் ரெண்டு மணித்தியாலம் வெளிச்சம் இருக்கு" என்றான். "ஆனா பாரம் கூடினா அம்பு பதிஞ்சு போகும். உன்ட கண் பழகின கணக்கு ஒண்டும் நாளைக்குச் சரிவராது. இப்பிடியே விட்டா, பழகின அம்பு. நீதான் சொல்ல வேணும்."

ஜதுசா கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். வில் மடியில் கிடந்தது. வெளியே யாரோ மாட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"ஒரு அம்பு ஒரு சாண் தள்ளுது, அடுத்தது ஒண்டரைச் சாண் தள்ளுது. நான் விடுறதில பிழை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்" என்றாள். "ராவில எழும்பி இருந்து கையப் பாப்பன். என்ன பிழை விடுறன் எண்டு." மடியிலிருந்த வில்லை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "திருத்துங்கோ."

அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. முனைகளைச் சூடு காட்டினால் இளகும் பசையால்தான் ஒட்ட வேண்டும், பிறகு கழற்றலாம் என்று தாடிக்காரன் சொல்லியிருந்தான். நிசாந் அதைக் கேட்டுச் சிரித்தவன். வள்ளம் ஒட்டுகிற ரெசின் கையில் இருக்கும்போது யாருக்கு வேண்டும் பசை? ஆறு முனைகளையும் ரெசின் வைத்து ஒட்டியிருந்தான். இனி நெருப்பில் காட்டினால் முனை வருமுன் தண்டு வெந்துவிடும்.

"முன்னால போக ஏலாது" என்றான்.

"பின்னால?" என்றாள் ஜதுசா.

நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் கவை வெறுமனே செருகியதுதான். திருகி இழுத்தால் வந்துவிடும். இவ்வளவு நாளும் வெட்டியது அந்தப் பக்கம்தான்; ஒவ்வொரு தடவையும் இறகை உரித்து மறுபடி ஒட்டியிருந்தான். தண்டு உள்ளே குழாய். பின்பக்கமாகப் பாரத்தைப் போட்டால் முனைக்குப் பின்னால் போய் உட்காரும். நிசாந் குசினிச் சுவரில் தொங்கிய தன் வீச்சுவலையை எடுத்தான். விளிம்பில் கோத்திருந்த ஈயங்களைக் கத்தியால் அறுத்துக் கொட்டினான். ஒவ்வொன்றையும் கருங்கல்லில் வைத்துத் தட்டி, குழாய்க்குள் இறங்கும் மெல்லிய குச்சியாக்கினான். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு நறுக்கினான்.

முதலில் மொட்டை. ஒரு ஈயக் குச்சியைப் போட்டு, துணித்துண்டை ஈர்க்கினால் இடித்து இறுக்கினான். ஜதுசா எய்தாள். வலப்பக்கம்தான், ஆனால் பையின் விளிம்புக்குள் விழுந்தது. இரண்டாவது ஈயம். நடுவிலிருந்து ஒரு சாண். ஒவ்வொரு தடவையும் அவன் ஓடிப்போய் அம்பைப் பிடுங்கி, வளைத்துக் கேட்டு, துணியைத் தோண்டி எடுத்து, ஈயம் போட்டு, திரும்பவும் இடித்தான். விரல் நுனி கறுத்துவிட்டது. பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஈயம்.

"எங்க குறி வைக்க?" என்றாள்.

"நடுவில. தள்ளாத."

அவள் இழுத்தாள். வில்லைப் பிடித்த கை இடப்பக்கம் நகர்ந்ததை நிசாந் பார்த்தான். அவளும் உணர்ந்தாள், நாணைத் தளர்த்தி, மூச்சு விட்டு, மறுபடியும் இழுத்தாள். விட்டாள். மொட்டை அம்பு வால் ஆடாமல் போய், நடுக்கோட்டில் ஒரு சாண் கீழே குத்தி நின்றது. இடமும் இல்லை, வலமும் இல்லை.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிசாந் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை. மூன்று கிழமைக்கு முன் இதைப் பார்த்திருக்க வேண்டியவள் அவள்.

இறகு அம்புகள் ஐந்துக்கும் மூன்று மூன்று ஈயம். துணி காணாது, முப்பத்தாறு தடவை இலக்கில் மோதினால் அசையும். ஆகவே மெல்லிய நைலோன் குழாயைத் தண்டுக்குள் விட்டு, ஊசியால் சொட்டுச் சொட்டாக ரெசினை இறக்கினான். இருட்டுவதற்குள் ஐந்து அம்புகளும் வாளி மணலில் தலைகீழாக நின்றன. அவற்றில் ஒன்றைக்கூட எய்து பார்க்க இனி நேரமில்லை.

காலையில், வாள்தகட்டின் விளிம்பில் ஒவ்வோர் அம்பையும் கிடத்தி, பாரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தான். ஐந்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தராசு போல நின்றன. கவைகளைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் டவுணுக்குக் கிளம்பினார்கள்.

மைதானம் கடற்கரையோரம். அஸ்மியா முன்னமே வந்திருந்தாள்.

"அக்கா, அம்பெல்லாம் என்ன சின்னனாப் போச்சு? மழையில நனைஞ்சு சுருங்கினதா?"

ஜதுசா நிலத்தைப் பார்த்துச் சிரித்தாள். நிசாந்துக்குத்தான் முகம் சுட்டது.

நடுவர் குலசிங்கம் விதியை வாசித்தார். முப்பது மீட்டர், முப்பத்தாறு அம்பு, மூன்று மூன்றாக. பழக்கத்துக்கு ஆறு அம்பு. கயிற்றுக்கு வெளியே நிற்பவர்கள் எய்பவரோடு கதைக்கக்கூடாது. மைதானத்துக்குள் மேய மான்கள் வந்தால் விசில். விசில் கேட்டால் வில்லைத் தாழ்த்த வேண்டும்.

பழக்க அம்புகளில் ஜதுசா உயரத்தைப் பிடித்துவிட்டாள். கீழே விழுந்த முதலாவது அம்புக்குப் பிறகு குறியை ஏற்றினாள்; நான்காவது மஞ்சள் வட்டத்தின் மட்டத்துக்கு வந்தது. ஆனால் எல்லாம் இடப்பக்கம். அம்பு இப்போது அவள் காட்டிய இடத்துக்கு நேரே போனது. அவள்தான் பிழையான இடத்தைக் காட்டினாள். நிசாந் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். வலப்பக்கம், வலப்பக்கம் என்று தொண்டைக்குள் சொல்லிக்கொண்டான். கத்தினால் அவளைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

போட்டி தொடங்கியது. ஆறு, ஏழு, ஐந்து. ஏழு, ஆறு, ஏழு. அஸ்மியா எட்டும் ஏழுமாக அலட்டிக்கொள்ளாமல் போனாள். பதினைந்து அம்பு முடிந்தபோது ஜதுசா பன்னிரண்டு புள்ளி பின்னால் நின்றாள்.

பழைய அம்பாக இருந்திருந்தால் இந்த நேரம் முன்னால் நின்றிருப்பாள் என்று நிசாந் நினைத்தான். கண்ணுக்கும் அம்புக்கும் ஒரே பிழை. ஒன்றை ஒன்று சரிக்கட்டியிருக்கும். நேற்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

விசில் கேட்டது. ஏழெட்டுப் புள்ளிமான்கள் வீதியைக் கடந்து, யாரையும் சட்டை செய்யாமல் இலக்குகளுக்குப் பின்னால் மேயத் தொடங்கின. ஒன்று யாரோ வைத்திருந்த சாப்பாட்டுப் பொதியை மோந்து பார்த்தது. அவற்றைத் துரத்தும் மட்டும் எல்லோரும் ஓய்வு என்று குலசிங்கம் கையைக் காட்டினார். ஜதுசா கயிற்றடிக்கு வந்து தண்ணீர்ப் போத்தலை வாங்கினாள்.

"பிழை எல்லாம் என்னில" என்றான் நிசாந்.

"இல்ல. அம்பு சரி." அவள் இரண்டு மிடறு குடித்தாள். "நான்தான் இன்னும் பழைய அம்ப எய்துகொண்டு நிக்கிறன்."

அவள் இலக்கைப் பார்த்தபடி திரும்பி நின்றாள். கண்ணை மூடினாள். வில்லை எடுக்காமல் வெறுங்கையால் இழுப்பது போல இழுத்து, அப்படியே நின்று, கண்ணைத் திறந்து கை எங்கே காட்டுகிறது என்று பார்த்தாள். மறுபடியும் மூடினாள். ஆறேழு தடவை. அலுமாரிக் கண்ணாடி இல்லாமலே கண்ணாடிக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. மான்கள் போன பிறகு அவள் கோட்டுக்குப் போனபோது கழுத்து நிமிர்ந்திருந்தது.

எட்டு, ஒன்பது, எட்டு.

நிசாந் கயிற்றை விட்டான். உள்ளங்கையில் கயிற்றுத் தடம் விழுந்திருந்தது.

ஒன்பது, எட்டு, ஒன்பது. கச்சான் எழும்பி, இலக்கின் தாள் படபடத்தது. ஈயம் ஏறிய அம்புகள் காற்றைப் பொருட்படுத்தாமல் போயின. அஸ்மியாவின் அம்பு ஒன்றைப் பிடுங்கும்போது வெயிலில் பசை இளகி, முனை இலக்குக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே வேறோர் அம்பை எடுத்தாள். ஆனால் அந்தச் சுற்றில் ஆறு ஒன்று விழுந்தது. பன்னிரண்டு ஒன்பதானது. ஒன்பது ஐந்தானது. ஐந்து மூன்றானது. யாரும் பகிடி விடவில்லை இப்போது.

கடைசிச் சுற்றில் அஸ்மியா மூன்று அம்பையும் எய்து முடித்தாள். ஜதுசாவுக்கு ஓர் அம்பு மிச்சம். நிசாந் விரலை மடக்கிப் பார்த்துவிட்டான். ஒன்பது விழுந்தால் சமம். பிறகு ஆளுக்கு ஓர் அம்பு விட்டுத் தீர்ப்பார்கள். எட்டு என்றால் ஒரு புள்ளியில் வில் போய்விடும்.

அவள் இழுத்தாள். அசையாமல் நின்றாள். கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். விடுவதற்கு ஒரு கணம் முன்பு வில்லைப் பிடித்த கை மயிரளவு இடப்பக்கம் நகர்ந்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. மூன்று கிழமையாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரிந்தது.

அம்பு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் உள்ள கோட்டடியில், இடப்பக்கம் குத்தி நின்றது. தண்டு கோட்டைத் தொட்டால் ஒன்பது. குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பூதக்கண்ணாடியை வைத்து ஒருபக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். அஸ்மியாகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு" என்றார்.

ஜதுசா தானே போய் அம்பைப் பிடுங்கினாள். வளைத்துக் காதோரம் வைத்துக் கேட்டாள். பிறகு மேசைக்கு வந்து நாணைத் தளர்த்தி, வில்லை உறைக்குள் போட்டு, அஸ்மியாவின் கையில் கொடுத்தாள்.

"மழைக் காலத்தில நாண் நீளும். ரெண்டு முறுக்கு முறுக்கிப் போடு" என்றாள்.

அஸ்மியா வில்லை அணைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த குட்டை அம்புகளைப் பார்த்தாள். "அக்கா, பிற்பாடு என்ன மாதிரிப் போச்சு இது. இந்த வில்லுக்கெண்டே செஞ்ச மாதிரி. அம்பையும் தாங்களேன்."

ஜதுசா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். வில் கையில் இல்லை. கழுத்து அப்படியேதான் இருந்தது.

"வில் சங்கத்திட. அம்பு என்ட மனிசன் பிழையா வெட்டினது. அதத் தரமாட்டன்."

அஸ்மியா வாய்விட்டுச் சிரித்தாள். நிசாந்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது கச்சான் பக்கவாட்டில் அடித்து மோட்டார் சைக்கிளைத் தள்ளியது. ஜதுசா பின்னால் அம்புகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நேத்துச் சொல்லாம விட்டிருந்தா வில் இப்ப உன்ட கையில" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

"இருந்திருக்கும். நானும் ராவில எழும்பிக் கையப் பாத்துக்கொண்டு இருந்திருப்பன்."

பாலத்தின் நடுவுக்கு வந்தபோது அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். "யாட்டில கண்ணாடி நார் மிச்சம் கிடக்குத்தானே?"

"கிடக்கு. ஏன்?"

"வில் ஒண்டு செய்யேலாதோ?"

நிசாந் மனதுக்குள் கணக்குப் போட்டான். நாரை நீளவாக்கில் அடுக்கி, நடுவில் மரம் வைத்து, இரண்டு முனையும் ஒரே தடிப்பில் வர வேண்டும். முதலாவது உடையும். இரண்டாவதும் உடையும்.

"பாக்கலாம். அந்த மாதிரி வில்லுக்கு இடம் வலம் ஒண்டும் இல்ல, பிழைக்க இடமில்ல" என்றான்.

"வில்லுக்கு இல்ல" என்றாள் ஜதுசா. "எனக்கு இருக்கு. ஞாபகம் வச்சிருங்கோ."